காலனிக்குள் வராத பஸ்

2016ஆம் வருஷம் மே மாசக் கடைசியில் எங்களை வீடு காலி செய்யச் சொன்னார்கள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அது ஐந்தாவது வாடகை வீடு. கரூர் டவுனில் ஒரு சந்துக்குள் இரண்டு ரூம், மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், மாசம் 3,500 ரூபாய். வீட்டுக்கார அம்மா கோபமாக ஒன்றும் பேசவில்லை. "பெங்களூர்ல இருந்து மகன் வர்றானுங்க, வீடு வேணுமுங்க" என்றார். மகன் வரவில்லை. நாங்கள் கிளம்பின மறு வாரமே அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. காரணம் எங்களுக்குத் தெரியும். பையனின் ஸ்காலர்ஷிப் ஃபாரத்தோடு வைக்க சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து கலைஞர் டி.வி. மேல் வைத்திருந்தேன். வாடகை வாங்க வந்தவர் அதைப் பார்த்தார். கையில் எடுக்கக்கூட இல்லை, குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். நான் கொடுத்த காப்பியை "இப்பத்தான் குடிச்சேன் அம்முணி" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்றரை வருஷமாக என் கையால் காப்பி வாங்கிக் குடித்தவர்.

நாங்கள் பொய் சொல்லி அந்த வீட்டைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அருந்ததியரில் நிறையப் பேருக்கு அப்படித்தான். முதல் நாள் என் அத்தை பையனைக் கூப்பிட்ட பேச்சைக் கேட்டுவிட்டு அந்தம்மா தானாகவே, "நீங்க நாயக்கருங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒன்றரை வருஷம் குடியிருக்க இடம் கிடைத்தது. இதைப் படிக்கிற தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். சாதியை மறைக்காதே, நிமிர்ந்து நின்று சொல் என்று கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கி, சட்டி பானையோடும் வயசான மாமியாரோடும் சித்திரை வெயிலில் தெருத்தெருவாக நின்று பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

டவுனில் யாரும் நேராகச் சாதி கேட்பதில்லை. "எந்த ஊருங்க?" என்பார்கள். சொன்னால், "அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கயா, மேக்கயா?" அடுத்து, "கறி கிறி திம்பீங்களா? என்ன கறி?" மூன்றாவது கேள்வியில் ஆள் தெரிந்துவிடும். சிலர் போனில் "வீடு இருக்கு, வாங்க" என்பார்கள். நேரில் பார்த்ததும் "இப்பத்தானுங்க அட்வான்ஸ் வாங்குனோம்" என்பார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கருக்கே 1917 வாக்கில் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டுதான் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து விரட்டியது. இந்து நண்பர், கிறித்தவ நண்பர், இருவருமே வீட்டில் சேர்க்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். அந்தப் பக்கத்தை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "அவரும் பேரை மாத்தித்தான் தங்குனாரா?" என்று மட்டும் கேட்டார்.

சொந்தமாக இடம் இல்லையா என்று கேட்டால், உண்டு, காகிதத்தில். 1998இல் எங்கள் காலனியில் 42 குடும்பங்களுக்கு அரசாங்கம் ஆளுக்கு 3 சென்ட் வீட்டுமனைப் பட்டா கொடுத்தது. தலித்துகளுக்கு மனை கொடுப்பதற்கென்று நிலம் எடுக்க 1978இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டப்படி எடுத்த நிலம். நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். வருஷக்கணக்கில் இழுத்து வழக்கு ஒருவழியாக முடிந்தது. ஆனால் யாரும் வந்து சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, "இது உன்னுது" என்று காட்டவில்லை. அளந்து ஒப்படைக்காத மனைக்குத் தொகுப்பு வீடு கிடையாது. சொந்தக் காசில் கட்டினால் இடிப்போம் என்றார்கள். என் மாமனார் அந்தப் பட்டாவைப் பாலிதீன் கவரில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்து, மாசம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார். 2009இல் இறந்து போனார். 3 சென்ட் என்றால் 1,306 சதுர அடி. அதில் ஒரு அடியில்கூட அவர் கால் வைத்து என் இடம் என்று நின்றதில்லை. காலனிக்குள் இருந்த பழைய ஒற்றை ரூம் வீட்டில் கொழுந்தனார் குடும்பம் இருந்தது.

பஸ் யோசனை என் வீட்டுக்காரருடையது. கரூர் கொசுவலைக்கும் பெட்ஷீட்டுக்கும் பேர் போனது போலவே பஸ் பாடி கட்டுவதற்கும் பேர் போனது. ஒசூரிலிருந்து வெறும் சேஸிஸாக வரும். மேலே கூரையும் இருக்காது, முன்னால் கண்ணாடியும் இருக்காது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றிலும் தூசியிலும் ஓட்டிக்கொண்டு வருவார். அந்த எலும்புக்கு இங்கே பில்லர் நிறுத்தி, கூரை வளைத்து, தகடு அடித்து, சீட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். இவர் பதினேழு வயசிலிருந்து டிங்கர் வேலை. தகட்டைத் தட்டி நிமிர்த்துவதும் ரிவெட் அடிப்பதும்தான். எத்தனை பஸ்ஸுக்குக் கூரை போட்டிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. "ஊருக்கெல்லாம் கூரை போடுறவனுக்குக் கூரை இல்லை" என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஏம் புள்ள, கட்டடம் கட்டுனாத்தான இடிப்பாங்க? வண்டி கொண்டுபோய் நிறுத்துனா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். பெரிய பஸ்ஸில் டிரைவர் இடத்தை விட்டால் உள்ளே 28 அடி நீளம், ஏழரை அடி அகலம், 210 சதுர அடி. இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. அதை 25 சதுர மீட்டராக ஆக்கியதே 2016இல் பிரதமர் பேரில் திட்டம் வந்தபோதுதான். "அஞ்சு சதுர அடிதான் கொறச்சல்" என்றார்.

ஏன் ஸ்கூல் பஸ் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். ரூட் பஸ் ராத்திரி பகல் ஓடி பாடி ஆடிப் போயிருக்கும். ஸ்கூல் பஸ் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. லீவில் ஷெட்டில் நிற்கும். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. சோதனை இருப்பதால் ஓட்டை உடைசலை அவ்வப்போது அடைத்திருப்பார்கள். பதினைந்து வருஷம் ஆனதும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தள்ளிவிடுவார்கள். இஞ்சின் போயிருக்கலாம், கூடு நன்றாக இருக்கும்.

ஜூனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் தேடப் போனோம். திருச்சி ரோட்டில், நாமக்கல் பக்கம், திண்டுக்கல் போகிற வழியில் பழைய வண்டி உடைக்கிற இடங்கள். உள்ளே போனால் கரிந்த ஆயில் வாடை, பக்கத்தில் நாய். எதற்கு என்று கேட்பார்கள். "டீக்கடை வைக்கிறதுக்குங்க" என்போம். டீக்கடை என்றால் புரிந்துகொள்வார்கள். வீடு என்று சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள், விலையும் ஏறுகிறது. நான் சீட்டையும் பெயின்ட்டையும் பார்ப்பேன். அவர் அதையெல்லாம் பார்க்கவே மாட்டார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஜன்னல் ரப்பர் வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் பில்லருக்குள் போய் அடியில் தங்கும், பில்லர் தரையைத் தொடுகிற அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். ஒவ்வொரு பில்லர் அடியிலும் தட்டுவார். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் அடுத்த வண்டி. பிறகு அடியில் படுத்துக்கொண்டு தளத்தைப் பார்ப்பார். 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கம் ஒரு ஸ்கூல் பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ரெண்டாம் வகுப்புக் குழந்தை ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் செத்தது. அதற்குப் பிறகுதான் அந்த வருஷமே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் போட்டார்கள். அந்தச் சேதி வந்த அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. "பலகை வெச்சு மூடியிருப்பானுங்க. நாலு அடி தகடு. என்ன வெலைங்குற?" என்றார்.

அத்தைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். "அதுல யாராச்சும் செத்திருக்காங்களான்னு கேட்டுக்க சாமி." ரெண்டாவதாகப் பார்த்த வண்டி விலை குறைவு, கூடும் பழுதில்லை. ஆனால் முன்பக்கம் புதுத் தகடு. இவர் கைவைத்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், பெரிய இடி வாங்கிய வண்டி. பாயிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பிவிட்டோம்.

அக்டோபரில் பார்த்த வண்டியை நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். உள்பக்கம் டிரைவர் தலைக்கு மேல் '7' என்று சிவப்பில் எழுதியிருந்தது. படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு நசுங்கல், அதன் மேல் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர். என் பையன் எல்.கே.ஜி. போன பஸ்.

2013இல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அவனுக்கு ஒரு மெட்ரிக் பள்ளியில் இடம் கிடைத்தது. ஃபீஸை அரசாங்கம் கட்டும், பஸ்ஸுக்கு நாம்தான் கட்ட வேண்டும். வருஷம் 6,000 கட்டினோம். அப்போது கொழுந்தனார் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். இந்த 7ஆம் நம்பர் பஸ் ஊருக்குள் மூன்று தெருவும் சுற்றி வரும். மாட்டு வண்டி போகிற சந்தில்கூடப் பின்னாலேயே போய்த் திரும்பும். எங்கள் காலனிக்கு மட்டும் உள்ளே வராது, மெயின் ரோட்டில் வளைவுக்குப் பக்கத்தில் நிற்கும். அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழை பெய்தால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவேன். காலனியிலிருந்து நாலு பிள்ளைகள் ஏறினார்கள். டிரைவரிடம் கேட்டேன். "உள்ள திருப்ப எடமில்லீங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் கேட்டேன். "ரூட்டு எப்பவோ போட்டதுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இதற்கெல்லாம் சாதி என்று யாரும் பேர் வைக்க மாட்டார்கள், ரூட்டு என்பார்கள்.

அந்த பஸ்தான் டயர் கழற்றி, முள்ளுக்காட்டில், கதவு தொங்க நின்றுகொண்டிருந்தது. ஏறிப் பார்த்தேன். சீட்டு முதுகில் காம்பஸால் கீறிய பெயர்கள், சிலதுக்குப் பின்னால் சாதி. எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகளின் கையெழுத்து. அவர் அதற்குள் எல்லாப் பில்லரையும் தட்டிவிட்டார். ரெண்டு மட்டும் 'தொப்'. "மாத்திக்கலாம்" என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். வேற பாருங்க மாமா, இது வேண்டாம். அவருக்குப் புரியவே இல்லை. "வண்டி என்ன பண்ணுச்சு?" என்றார். நியாயமான கேள்விதான்.

இஞ்சின், கியர்பாக்ஸ், டயர், பேட்டரி நீக்கி, சேஸிஸ் கட்டையோடு கூடு மட்டும் 1,10,000 கேட்டார்கள். 92,000க்குப் படிந்தது. எனக்குச் சக்கரத்தோடு வேண்டும் என்று ஆசை. யாராவது காலி பண்ணச் சொன்னால் இழுத்துக்கொண்டு போய்விடலாமே. ஆர்.சி. ரத்தான வண்டியை ரோட்டில் இழுக்க முடியாது, ஆறு டயருக்கு நாம் எங்கே போவது என்றார். ஸ்டியரிங்கை மட்டும் விட்டுவிடச் சொல்லிப் பையனுக்காகக் கேட்டார். சேஸிஸ் நம்பர் இருந்த துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, ரத்துக் காகிதத்தின் நகலைக் கொடுத்தார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் 30,000 அட்வான்ஸ் கொடுத்தோம். பாக்கி 62,000, சீட்டு எடுத்த பணம், எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். நவம்பர் 8 ராத்திரி அது வெறும் தாள் ஆகிவிட்டது. பாங்கில் கட்டிவிட்டு வாரத்துக்கு 24,000 என்று வரிசையில் நின்று மூன்று வாரம் எடுத்தோம். இவர் வேலைக்குப் போக முடியவில்லை, நான் ஸ்கூலுக்கு அரை நாள் லீவு. (அப்போது ஒரு தனியார் பள்ளியில் 6,500 சம்பளத்துக்கு டீச்சராக இருந்தேன்.) பணம் கட்டி முடிக்கவும் டிசம்பர் 5 ஜெயலலிதா இறக்கவும் சரியாக இருந்தது. ஒரு வாரம் லாரி கிடைக்கவில்லை.

இனிச் சொல்லப் போவதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் மனைக்குப் போக ஒரே வழி, ஊர் மாரியம்மன் கோயில் தெரு. பஞ்சாயத்து ரோடு, எல்லோருக்கும் பொது. ட்ரெய்லரில் ஏற்றி வளைவு வரைக்கும் வந்தாயிற்று. பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். "நோம்பிக்குக் கம்பம் நட்டிருக்குது. பழைய இரும்பெல்லாம் கோயில் முன்னால வரப்படாது" என்றார்கள். கரும்பு லாரி காலையில்தான் அந்த வழியில் போனது. சொன்னோம். "அது வேற" என்றார்கள். பொதுவழியை மறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். எனக்குத் தெரியும், மறித்தவர்களுக்கும் தெரியும், வந்த போலீசுக்கும் தெரியும். "ரெண்டு வாரம் தள்ளிக் கொண்டு வாங்கம்மா, எதுக்குப் பிரச்சினை?" என்றார் போலீஸ்காரர். ட்ரெய்லருக்கு நிற்கிற வாடகை நாளைக்கு 3,000. கிரேனுக்கு மணிக்கு 1,200. பக்கத்து ஊர் இயக்கத் தோழர்கள் வந்துவிட்டார்கள். பகலில், கோயில் முன்னால்தான் போக வேண்டும், மறியல் செய்வோம் என்றார்கள். நானும் அதையே சொன்னேன். என் வீட்டுக்காரர் ட்ரெய்லர் நிழலில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பேசவில்லை. இருட்டியதும் என்னிடம், "மறியல் முடிஞ்சு அவங்க போயிருவாங்க புள்ள. நாம இங்கதான் தண்ணி எடுக்கணும்" என்றார்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கொண்டு போனோம். காலனிப் பையன்கள் எட்டுப் பேர் மூங்கில் கழியால் கரண்டு வயரைத் தூக்கிப் பிடித்தார்கள். ஹார்ன் இல்லை, பேச்சு இல்லை. கோயில் முன்னால் போகும்போது டிரைவர் லைட்டைக்கூட அணைத்துவிட்டார். எங்கள் வீடு திருட்டுச் சாமான் போல எங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் பின்னாலேயே நடந்து வந்தேன். அவரோடு பேச எனக்குப் பத்து நாள் ஆனது. தோழர்கள் ரெண்டு மூன்று பேர் இன்னும் பேசுவதில்லை. யார் செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸை வீடாக்கின கதை பெரிதல்ல. கருங்கல் அடுக்கி அதன் மேல் உட்கார வைத்தோம். சீட்டெல்லாம் கழற்றி விற்றதில் 7,000 வந்தது, ரெண்டு சீட்டை மட்டும் அத்தைக்காக வைத்துக்கொண்டோம். ஸ்கூல் பஸ் என்பதால் ஜன்னலில் குறுக்குக் கம்பி இருந்தது, திருட்டுப் பயம் இல்லை. பின்பக்க அவசர வழி அடுப்படிக் கதவானது. அதில் இன்னும் 'அவசர வழி' என்றுதான் எழுதியிருக்கிறது. கக்கூஸுக்குத் தனியாகக் குழி வெட்டி நாலு பக்கம் தகரம் அடித்தோம். பெரிய பிரச்சினை வெயில். தகடு, அதற்கு மேல் கரூர் வெயில். ஏப்ரலில் மத்தியானம் உள்ளே நிற்க முடியாது. கூரையில் சுண்ணாம்பு அடித்தோம், கொஞ்சம் குறைந்தது. உள் தகட்டைக் கழற்றித் தெர்மாகோல் வைக்கலாம் என்றார்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் கூரைக்கு மேல் ஒரு அடி விட்டுச் சவுக்குக் கழி கட்டித் தென்னங்கீற்று வேய்ந்தோம். நடுவில் காற்று ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் பகலில் படுக்க முடிந்தது. 2020 ஊரடங்கில் பட்டறை மூடி, ஸ்கூல் மூடி, நாலு பேரும் மாசக்கணக்கில் உள்ளேயே இருந்தோம். கீற்று இல்லாவிட்டால் வெந்து போயிருப்போம்.

அந்தக் கீற்றுதான் கரண்டும் வாங்கிக் கொடுத்தது. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திய ஒரு மாசத்தில் ஒரு அதிகாரி வந்து, "இது வண்டியா, வீடா?" என்று கேட்டார். வண்டி என்றால் எடு, வீடு என்றால் அனுமதி எங்கே. "வண்டிதானுங்க, ரிப்பேராகி நிக்குது" என்றார் என் வீட்டுக்காரர். அதிகாரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை, போய்விட்டார். ரேஷன் கார்டில் முகவரி மாற்றப் போனால், "பஸ்ஸுக்கு ஏதும்மா கதவு நம்பர்?" என்றார்கள். 7 என்று சொல்லிவிட்டு வந்தேன். மின்சாரத்துக்குப் போனபோது குடிசை இணைப்பு கேட்டோம். "குடிசைன்னா கூரை இருக்கணுமே" என்றார்கள். போட்டோ எடுத்துக் காட்டினோம். மேலே கீற்று இருந்தது. ஆக வண்டி அலுவலகத்தில் அது ரத்தான வண்டி, வருவாய்த் துறைக்கு ரிப்பேரான வண்டி, மின்சாரத்துக்குக் குடிசை. வீடு என்று யாரும் எழுதித் தரவில்லை.

மாணவர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அமெரிக்காவில் இது இப்போ பெரிய ஃபேஷன்" என்றார்கள். செல்போனில் படம் காட்டினார்கள். பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி உள்ளே மரப்பலகை, கட்டில், புத்தக அலமாரி என்று அழகாக இருந்தது. அங்கே பஸ்ஸுக்கு அந்த மஞ்சள் நிறத்தை 1939இல் கொலம்பியாவில் ஒரு மாநாடு கூட்டி முடிவு செய்தார்களாம். அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா. அவர்கள் சுதந்திரமாகச் சுற்ற பஸ்ஸில் இருக்கிறார்கள். நாங்கள் ஒரே இடத்தில் இருக்க பஸ்ஸுக்குப் போனோம். எங்களையும் ஒருவர் படம் எடுத்துப் போய் 'புதுமை வீடு' என்று பத்திரிகையில் போட்டார். அந்தப் பக்கத்தை அத்தை அடுப்புக்கு வைத்துவிட்டார், எனக்கு வருத்தமில்லை.

அதே அமெரிக்காவில் வேறொரு பஸ் இருக்கிறது. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்த பஸ், நம்பர் 2857. அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். ஓட்டம் நின்ற பிறகு அந்த பஸ்ஸை ஒருவர் வாங்கித் தன் நிலத்தில் போட்டுத் தட்டுமுட்டுச் சாமான் வைக்கிற கொட்டகையாக முப்பது வருஷம் வைத்திருந்தார். 2001இல் ஏலத்தில் 4,92,000 டாலருக்கு ஒரு அருங்காட்சியகம் எடுத்தது. இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கேட்டது, "முப்பது வருசம் மழையில நின்னுருக்குதே, பில்லர் எப்படி இருந்துச்சாம்?"

பஸ்ஸுக்கும் நமக்கும் உள்ள உறவு இங்கேயும் லேசானதல்ல. 1997இல் விருதுநகரில் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென் மாவட்டத்தையே எரித்தார்கள். கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அதே 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பஸ்ஸை மறித்துத்தான் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டினார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு மாசம் என்னை பஸ்ஸில் அனுப்பவில்லை.

எங்கள் வண்டி நின்ற பிறகு, 2017இல் மூன்று பேர் பக்கத்தில் குடிசை போட்டார்கள். அடுத்த வருஷம் ஒன்பது. மனு மேல் மனு, முற்றுகை. 2019இல் சர்வேயர் வந்து 42 மனையும் அளந்து கல் நட்டார். அளந்து பார்த்தால் எங்கள் பஸ் பக்கத்து மனையில் நாலு அடி நீட்டிக்கொண்டு நின்றது. நகர்த்த வேண்டும். கிரேன் வேண்டாம் என்று இவர் பட்டறையிலிருந்து நாலு ஜாக்கி கொண்டு வந்தார். தூக்கி, அடியில் சவுக்கு உருளை வைத்து, காலனியே சேர்ந்து தள்ளியது. பகல் பதினோரு மணி. "ஏலேலோ" என்று கத்தினார்கள். பையன் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே ஹார்ன் அடித்தான். அத்தை இறங்க மாட்டேன் என்று சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இப்போது தொகுப்பு வீட்டுக்குப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமானால் பஸ்ஸை எடுக்க வேண்டும். பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். நான் கொடுத்துவிடலாம் என்கிறேன், எனக்கு நிமிர்ந்து நிற்கிற கூரை வேண்டும். அத்தை, "நாஞ் செத்ததுக்கப்புறம் எடுத்துக்கங்க" என்கிறார். அவர் ரெண்டு பக்கமும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தட்டுகிறார். இந்த ஐப்பசி மழையில் இடதுபக்கம் மூன்றாவது பில்லர் 'தொப்' என்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடியை வெட்டிப் புதுத் துண்டு வைக்க வேண்டும். வெல்டிங் மிஷினுக்குக் குடிசைக் கரண்டு தாங்காது. பக்கத்து வீட்டில் லைன் கேட்டிருக்கிறோம்.